பன்னிரண்டு வோல்ற்றுக் காவல்

கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை ஆகிய ஊர்களுக்கு மேற்கே விரியும் வயற்பரப்பை அவ்வூர் மக்கள் 'வட்டை' என்பர். நெற்செய்கையை 'வெள்ளாமை' என்பர். வெள்ளாமைக் காவலுக்காக வட்டையின் ஓரத்தில் கட்டப்படும் குடிசை 'வாடி' எனப்படும். மின்கம்பி வாடிவரை வருவதில்லை, யானை வருகிறது. ஆகையால் அங்கே மின்சாரம் என்பது ஒரு பெற்றரி, கூரையில் சாய்த்துக் கட்டிய ஒரு சோலார் தகடு, இவ்விரண்டையும் நம்பிக் கண்ணயரும் நாலைந்து காவற்காரர் ஆகியவற்றின் கூட்டுத்தொகையேயாகும்.

அந்த யானையைத் தடுக்க வயலோரம் கட்டும் மின்வேலியின் உயிர் 'எனர்ஜைசர்' எனும் சிறு பெட்டியில் இருக்கிறது. அது பெற்றரியிலிருந்து 12 வோல்ற்று மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாக வாங்கி, மின்னைத் தேக்கிவைக்கும் கொள்ளளவியில் நிரப்பி, ஏறக்குறைய விநாடிக்கு ஒரு தடவை ஆயிரக்கணக்கான வோல்ற்று அழுத்தத்துடன் கம்பியில் விட்டடிக்கிறது. அந்த அடி விநாடியின் ஆயிரத்திலொரு பங்குகூட நீடிக்காததால், தொட்ட உயிர் துள்ளி விலகுமேயன்றி மடிவதில்லை. 230 வோல்ற்று வீட்டு மின்சாரத்தை நேரே வேலியில் கொளுவுவதோ யானையையும், விடியலில் வரம்பால் நடந்துவரும் மனிதரையும் ஒருங்கே கொல்லும் குற்றச்செயலாகும். வேலியின் மின்சாரம் யானையின் உடல்வழியே மண்ணில் இறங்கி, நிலத்தில் அறைந்த கோல்வழியே பெட்டிக்குத் திரும்பினால்தான் அடி விழும் என்பதால், காய்ந்த மண்ணைவிட ஈரமண் நல்லது. விவசாயியின் காலை எந்நாளும் பிடித்திழுக்கும் வயற்சேறு, இவ்வொரு விடயத்திலாவது அவர் பக்கம் நிற்கிறது. வேலி உயிரோடிருக்கிறதா என அறிய, புல்லொன்றின் நுனியைக் கம்பியில் வைத்து மெல்ல மெல்ல முன்னே தள்ளி, விரலில் சிறு துடிப்புத் தெரியுமிடத்தில் நிறுத்துவது பழகியவர் முறை. இக்கட்டுரையாளர் அம்முறையைக் கற்ற காலையில் பனியில் நனைந்த புல்லைத் தெரிவுசெய்தமையால், 'மெல்ல மெல்ல' எனும் கட்டம் அவருக்கு வாய்க்கவில்லை.

வாடிக்கு வந்துசேரும் பெற்றரி பெரும்பாலும் உழவு இயந்திரத்திலிருந்து ஓய்வுபெற்றதாகும். பிரான்ஸ் நாட்டவரான காஸ்தோன் பிளாந்தே 1859இல் உருவாக்கிய ஈய-அமிலக் கலத்தின் வழித்தோன்றலான அது, ஒவ்வொன்றும் இரண்டு வோல்ற்றுக்குச் சற்றுக் கூடிய ஆறு அறைகளைக் கொண்டது. எஞ்சினை உதைத்து எழுப்புவதற்கென்றே மெல்லிய தகடுகளால் ஆனதால், சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான அம்பியரை அள்ளிக் கொடுத்துவிட்டு, உடனே பசியாற விரும்பும் இயல்புடையது. அதை இராமுழுதும் சிறுகச் சிறுக வற்றவிட்டு, வற்றியபடியே கிடக்கவும் விட்டால், தகடுகளில் ஈயசல்பேற்று இறுகிப்போய்க் கொள்ளளவு குறைந்துவிடும். கல்யாண வீட்டில் விருந்துத் தட்டான 'சஹன்' தூக்கி ஓடும் மச்சானைப் பிடித்து, நோன்பு மாதம் முழுவதும் கஞ்சிப் பானைக்குக் காவல் இருத்துவது எத்தகையதோ அத்தகையது இப்பதவி மாற்றம்.

பெற்றரியின் முகத்தில் 60 அம்பியர் மணி என்று எழுதியிருக்கும். ஓர் அம்பியரை எத்தனை மணி நேரம் தரலாம் என்பதே அம்பியர் மணி. பாதிக்கு மேல் எடுத்தால் பெற்றரியின் ஆயுள் குறையும் என்பதால், செலவுக்கு உள்ளது 30. எனர்ஜைசர் அரை அம்பியர் வீதம் பன்னிரண்டு மணி நேரத்தில் 6 எடுக்கிறது. 5 உவாற்று எல்.ஈ.டி. குமிழ் விடியும்வரை ஏறத்தாழ 4 எடுக்கிறது. நுளம்புக்காக வைத்த 15 உவாற்று விசிறி எட்டு மணி நேரத்தில் 10 எடுக்கிறது. கைபேசி ஒன்றுக்கு 2 வீதம் ஐந்து கைபேசிகள் மீதிப் பத்தையும் முடித்துவிடுகின்றன. யானையைத் தடுக்க ஆறு, தடுப்பவர்களைத் தாங்க இருபத்துநாலு. ஆறாவது கைபேசி இன்னும் வரவில்லை. 40 உவாற்றுத் தகடொன்று நல்ல வெயிலில்கூட இதை முழுவதுமாகத் திருப்பித் தராது என்பது ஒருபுறமிருக்க, பெரும்போக வெள்ளாமை வளரும் மாரி காலத்தில்தான் வடகீழ்ப் பருவமழை கிழக்குக் கரையின் வானத்தை மூடிவைக்கிறது.

12 வோல்ற்று நேரோட்டத்தை 230 வோல்ற்று ஆடலோட்டமாக்கும் 'இன்வேர்ட்டர்' ஒன்றையும், 1500 உவாற்றுக் கேத்தல் ஒன்றையும் பிளேன்டீக்காக வாடிக்குக் கொண்டுவந்த ஒருவரும் இருந்தார். அக்கேத்தல் பெற்றரியிடம் கேட்பது 125 அம்பியருக்கும் மேல். இன்வேர்ட்டர் கீச்சிட்டு அடங்கியது. தேநீரை மூன்று கல் அடுப்பு தந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் வேலி பல இரவுகள் வயலைக் காப்பதற்குக் காரணம், அடி வாங்கிய யானை அதை மறப்பதில்லை என்பதே. ஆயினும் அது சும்மா இருப்பதுமில்லை. தந்தத்தில் மின்சாரம் எளிதில் பாயாது என்பதால், தந்தமுள்ள யானை அதைக் கொண்டே கம்பியை அறுக்கும். இலங்கை யானைகளில் தந்தமுள்ளவை மிகச் சிலவே என்பதால், ஏனையவை கட்டையைச் சாய்க்கவோ மரத்தைக் கம்பிமேல் தள்ளவோ கற்றுக்கொள்கின்றன.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது என மின்சக்தி அமைச்சர் அறிவித்தார். யானையைத் தடுக்க ஒரு பழைய பெற்றரி போதுமாயிருந்த நாட்டில், தீவு முழுவதன் மின்சாரத்தையும் நிறுத்த ஒரு குரங்கு போதுமாயிருந்தது. அன்று பிற்பகல், வாடியில் மட்டும் 'கரண்ட்' இருப்பதாகக் கேள்வியுற்ற உறவினர்கள் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினர். பதினொரு கைபேசிகள் ஒரு பெற்றரியின் வாயில் தொங்கின. "அந்தக் குரங்குக்கும் ரெண்டு கம்பி கட்டியிருக்கலாமே மனே," என்றார் காவற்பெரியவர். ஊர்ப்பக்கமிருந்து மஃரிப் பாங்கு கேட்டதும் அவர் கைபேசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உடையவர்களிடம் கொடுத்தார். அவற்றில் ஒன்றும் நிறைந்திருக்கவில்லை. பிறகு வரம்பில் காய்ந்த புல்லாகப் பார்த்து ஒன்றைக் கிள்ளிக்கொண்டு, வேலியை நோக்கி நடந்தார்.