இயக்குநர் விருதுத் தாமதத்தின் அளவியல்: வீரகேரளம்புதூர் முறை

1. வரையறை

திரைப்பட, சின்னத்திரை இயக்குநர்களை ஆண்டுக்கொரு முறை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தும் நிகழ்ச்சி இயக்குநர் விருது விழா எனப்படும். விருது எந்த ஆண்டுக்குரியதோ அந்த ஆண்டுக்கும், அது கைக்கு வரும் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலம் விருதுத் தாமதம். விருது யாருக்கு என்பது டீக்கடைதோறும் ஆராயப்பட்டுவிட்டது. எப்போது என்பதற்கு முறையான அளவை இதுவரை இல்லை.

2. சுழியும் அலகும்

அளவை எதற்கும் ஒரு சுழி வேண்டும். இங்கு அது தென்காசி மாவட்டத்தில், சிற்றாற்றங்கரையிலுள்ள வீரகேரளம்புதூரில் வைக்கப்படுகிறது. ஊத்துமலை ஜமீனின் அரண்மனை இவ்வூரில் இருந்தது. காவடிச் சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த இருதாலய மருதப்பத் தேவர் அந்த ஜமீனுக்கு உரியவர். புலவரும் புரவலரும் ஒரே அவையில் அமர்ந்திருக்கும்போது விண்ணப்பப் படிவம், தேர்வுக்குழு, அரசாணை, அரங்க முன்பதிவு ஆகிய நான்கும் வேண்டியதில்லை. எனவே கோட்பாட்டளவில் தாமதம் சுழி. அதிலிருந்து விலகும் ஒவ்வோர் ஆண்டும் ‘ஒரு புதூர்’ எனக் கொள்ளப்படும்.

3. அளவீடுகள்

தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகள் 1967-இல் தொடங்கி, இடையிடையே நின்றும் நடந்தும் வருபவை. 2009 முதல் 2014 வரையிலான ஆறு ஆண்டுகளின் விருதுகள் 2017-இல் அறிவிக்கப்பட்டு, 2022 செப்டம்பர் 4 அன்று சென்னை கலைவாணர் அரங்கில் ஒரே மாலையில் வழங்கப்பட்டன. ‘மைனா’வுக்காக 2010-இன் சிறந்த இயக்குநரான பிரபு சாலமன் 12 புதூர் காத்திருந்தார். ‘வழக்கு எண் 18/9’ எடுத்த பாலாஜி சக்திவேலுக்கு 10; ‘தங்க மீன்கள்’ எடுத்த ராமுக்கு 9. சின்னத்திரைக்கான 2009–2013 விருதுகளும் அதே மேடையில் தரப்பட்டன.

அளவீடு சரிதானா என்று பார்க்கக் குழந்தை நட்சத்திரங்கள் உதவுவர். 2009-இல் பத்து வயதான ஒருவருக்கு 2022-இல் 23 வயது. விருதை வாங்க வருபவருக்கு வாக்காளர் அட்டை இருக்கும்.

4. விதியும் அதன் முறிவும்

2009-க்கு 13 புதூர், 2014-க்கு 8. தாமதம் ஆண்டுக்கு ஒரு புதூர் வீதம் பிசகாமல் குறைகிறது. ஒரே நாளில் கொடுத்தால் அப்படித்தான் வரும் என்ற மறுப்பு இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இதே போக்கு நீடித்திருந்தால் 2022-ஆம் ஆண்டுப் படத்துக்குத் தாமதம் சுழியாகி, அடுத்த ஆண்டு முதல் படம் எடுக்கும் முன்பே விருது கிடைத்திருக்கும். ஆனால் 2015-க்குரிய விருதை ‘இறுதிச்சுற்று’க்காகச் சுதா கொங்கரா பெற்றது 2024 மார்ச்சில். 7 வரவேண்டிய இடத்தில் 9 வந்ததால் விதி முறிந்தது.

5. பொருளியல் விளைவு

விருதுடன் தங்கப் பதக்கம் உண்டு. 2009-க்கும் 2022-க்கும் இடையில் பவுன் விலை ஏறக்குறைய மூன்று மடங்கானது. ஆகவே காலத்தோடு வாங்கி விற்றிருக்கக்கூடிய இயக்குநரைவிட, காலம் கடந்து வாங்கியவர் வசதியானவர். தாமதம் ஒரு சேமிப்புத் திட்டம் என்ற கருத்து இதிலிருந்து பெறப்படும். சான்றிதழுக்கு இது பொருந்தாது. அதன் விலை எந்நாளும் ஒன்றே.

6. அயல்நாட்டு ஒப்பீடு

அமெரிக்க இயக்குநர் சங்கத்தின் விருதுகள் 1940-களின் இறுதியில் தொடங்கின. பின்னர் தொலைக்காட்சிக்கும் விரிந்தன. இயக்குநர்களே வாக்களித்து, மறு ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே விழாவை முடித்துவிடுவர். தாமதம் ஒரு புதூரைத் தாண்டுவதில்லை. திரைப்படப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் அங்கே பதக்கம் உண்டு என்பதால் வெறுங்கையோடு திரும்புவோரும் இல்லை. இத்தகைய விழாவில் பொறுமையை அளக்க வழியில்லாமையால் ஆய்வாளருக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

7. மரபும் தீர்வும்

விருதுத் தாமதம் புதிதன்று. பரிசில் தரக் காலம் நீட்டிக்கும் வள்ளலிடம் புலவர் அதை நினைவூட்டிப் பாடுவதற்கென்றே ‘பரிசில் கடாநிலை’ என்னும் துறை புறநானூற்றில் உண்டு. புலவருக்கு அதற்கு ஒரு பாட்டுப் போதும். இயக்குநர் தம் துறையில் அதைச் செய்வதாயின் ஒரு படம் எடுக்க வேண்டும். அது சிறப்பாக அமைந்துவிட்டால் அதற்கும் ஒரு விருது அறிவிக்கப்படும். அதன் தாமதம் தனியே அளக்கப்படும்.