கிடாவுக்குப் பருவம் வந்தாச்சா?

கேள்வி: என் வெள்ளாட்டுக் கிடாக்குட்டிக்கு ஐந்து மாதம். பருவத்துக்கு வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகி, கருவேப்பிலங்குறிச்சி

பதில்: உங்கள் மூக்கே சொல்லிவிடும் அம்மா! கொம்படிக்குப் பின்னால் உச்சந்தலை முடியை விரலால் தேய்த்து முகர்ந்து பாருங்கள். மொச்சை வாடை தூக்கினால் ஐயா பெரிய மனுஷன் ஆகிவிட்டார். வாசனைச் சுரப்பிகள் இருப்பது அங்கேதான். டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிடாக்களின் தலையில் தொப்பி மாட்டியே அந்த வாசனையைச் சேகரித்தார்கள். பெட்டையின் மூளையில் இனப்பெருக்க மையத்தைத் தூண்டும் பொருள் அதில் இருப்பதை 2014-இல் வெளியிட்டார்கள். காயடித்த கிடாவிடம் அது இல்லை.  

உங்கள் கிடா இன்னும் என்னென்ன செய்வான் தெரியுமா? பெட்டையின் மூத்திரத்தை முகர்ந்து, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பான். தன் மூத்திரத்தைத் தன் தாடியிலேயே பீய்ச்சிக்கொள்வான்; அவனுக்கு அது அத்தர்.

ஐந்து மாதம் என்றால் தாமதிக்காதீர்கள், இன்றைக்கே பிரித்துக் கட்டுங்கள். தாய், தங்கை என்று அவன் பார்க்கமாட்டான். வளர்ச்சி முடியாத பெட்டைக்குட்டி சினையாகி, ஈன முடியாமல் தவிப்பது பெருங்கொடுமை. பொலிக்கு விடுவதற்கு அவனுக்கும் ஒரு வயசாவது நிறையட்டும்.