பிளேயர் ஒன்

செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு வரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் தம்பியைக் குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டிலேயே அடையாளம் கண்டுவிடலாம். மற்றவர்கள் பையை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். இவன் மார்போடு அணைத்துக்கொண்டு இறங்குவான். பைக்குள் லேப்டாப், லேப்டாப்புக்குள் அவனே சொந்தமாக எழுதிய கேம். டீக்கடை வாசலுக்கு வருவதற்குள் ஆள் பிடிக்க ஆரம்பித்துவிடுவான்.

"அண்ணே, ரெண்டு நிமிஷம் இருக்குமா? ஒரு டெஸ்டிங்."

டெஸ்டிங் என்றால் நாம் ஆட வேண்டும், அவன் ஜெயிக்க வேண்டும். இருவர் ஆடும் ஆட்டம் என்பான். அதில் ஒருவர் எப்போதும் அவன்தான், பிளேயர் ஒன். கடலூர் மாவட்டத்தில் மிச்சமிருக்கும் அத்தனை பேரும் பிளேயர் டூ.

ஆட்டம் ஒன்றும் புதிதில்லை, நம் ஒத்தையா ரெட்டையாதான். ஒருவர் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொள்வார். மற்றவர் ஒத்தையா ரெட்டையா என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் கொட்டை அத்தனையும் சொன்னவருக்கு, தப்பினால் அதே அளவு அவர் எடுத்து வைக்க வேண்டும். இவன் செய்த புதுமை, புளியங்கொட்டையை ஒழித்ததுதான். கொட்டைக்குப் பதில் எண்ணைத் தட்ட வேண்டும். தட்டிய எண் திரையில் எல்லோருக்கும் தெரியும்படி விழும் என்பதால் எதிராளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். "அதை மறைக்கிறது வெர்ஷன் டூல வரும்ணே."

எண்ணை இரண்டால் வகுத்து மீதி பார்க்கும் வரியை ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டான். லீவு முழுவதையும் விழுங்கியது ஸ்கோர்தான்.

முதல் பலி அவன் ஆயா. ஆயா மூன்று கொட்டை ஜெயித்தார், திரையில் 03 என்று வந்தது. முன்னால் சைபர் எதற்கு என்று கேட்டதற்கு "டிசைன்" என்றான். அடுத்து நான்கு ஜெயித்தார், 04 என்று வந்தது.

"முன்னாடி ஜெயிச்ச மூணு எங்கடா?"

"லாஜிக் கரெக்ட்தான் ஆயா. அவுட்புட்தான் தப்பா வருது."

இந்த இனத்தின் தேசிய கீதம் இந்த வரிதான். விடை தப்பு, ஆனால் வழி சரி என்று தேர்வுத்தாளில் அரை மார்க் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்.

உள்ளே தறியில் கைலி நெய்துகொண்டிருந்த அப்பா மிதியிலிருந்து காலை எடுக்காமலே கேட்டார்: "ஒவ்வொரு நிறம் மாறும்போதும் ஊடையை ஒண்ணுலேர்ந்துதான் எண்ணுறேன். அதுக்காக முடிச்சு வெச்ச கைலியையும் ஒண்ணுலேர்ந்து எண்ணினா முதலாளி எத்தனைக்குடா கூலி கொடுப்பாரு?" தம்பிக்குப் பொறி தட்டியது. லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றிலும் ஓடிக்கொண்டிருந்த 'ஸ்கோர் = 0' என்ற வரியை லூப்புக்கு மேலே ஏற்றினான். எது சுற்றுக்குச் சுற்று அழிய வேண்டும், எது கடைசிவரை நிற்க வேண்டும் என்பதைத்தான் ஒரு செமஸ்டராக அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இப்போது மூன்றும் நான்கும் சேர்ந்தன. 034.

ஆயா ஆட்சேபம் எதுவும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு ஜெயித்ததும் 0342. பிறகு ஐந்து தோற்றார், 337. ஆறு ஜெயித்தார், 3376. கூட்டச் சொன்னால் ஒட்டுகிறது, கழிக்கச் சொன்னால் மட்டும் ஒழுங்காகக் கழிக்கிறது. விஷயம் இவ்வளவுதான்: கீபோர்டில் தட்டுவது ஜாவாஸ்கிரிப்டுக்கு முதலில் வெறும் எழுத்து. எழுத்தோடு பிளஸ் சேர்ந்தால் அது ஒட்ட வைக்கும். மைனஸுக்கு அந்த வித்தை தெரியாததால் எண்ணாக மாற்றிக்கொண்டு கழிக்கும். எண்ணாக மாற்று என்று நாம்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இவனோ பழியைத் தூக்கி அந்த மொழியை உருவாக்கிய பிரெண்டன் ஐக் தலையில் போட்டான். "1995ல பத்தே நாள்ல எழுதின மொழிண்ணே, வேற எப்படி இருக்கும்?" இவன் கேம் மூன்றாவது வாரத்தில் இருந்தது.

இவ்வளவு சின்ன ஆட்டத்துக்கு இத்தனை பாடா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. உடனே 1972க்குப் போய்விடுவான். அடாரி கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஆலன் ஆல்கார்னுக்குப் பயிற்சிக்காகக் கொடுத்த வேலைதான் 'பாங்' என்ற வீடியோ கேம் ஆனது, உலகமே ஆடியது என்பான். உண்மைதான். ஆனால் பாங்கில் நிரல் என்பதே கிடையாது, முழுக்க சிப்புகளை இணைத்துச் செய்த சர்க்யூட். அதிலேயே இரண்டு பக்கமும் பெரிய எழுத்தில் ஸ்கோர் தெரிந்தது, சரியாகவும் கூடியது. இதை அவனிடம் சொல்ல மனம் வரவில்லை.

மூன்றாவது பிழைதான் அவன் குணத்தைக் காட்டியது. 'ஜெயித்தது 1-ஆ?' என்று கேட்க இரண்டு சமக்குறி வேண்டும். ஒன்றே ஒன்று போட்டால் கேள்வி கட்டளையாகிவிடும்: ஜெயித்தது 1 என்றே வைத்துக்கொள். முந்தைய பிழையைத் திருத்தும்போது இவன் ஒன்றே ஒன்று போட்டுவிட்டான். கடைத்தெருவில் யார் ஆடினாலும் பாயின்ட் பிளேயர் ஒன்னுக்கே போனது. ஸ்கோர் குறைந்தபோது ராத்திரி முழுக்கக் கண்விழித்துத் தேடியவன், இந்தப் பிழையைத் தேடவே இல்லை. தனக்குக் கை தேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். காசு வைத்து ஆடலாம் என்று டீக்கடைக்காரர் கூப்பிட்ட பிறகுதான், கடன் ஏறிய வேகத்தில் அவரே கண்டுபிடித்தார்.

அடுத்த வில்லன் மின்வாரியம். பக்கத்து நெய்வேலியில் 1962லிருந்து மின்சாரம் தயாராகிறது, குறிஞ்சிப்பாடியில் கரண்ட் போவதும் தவறுவதில்லை. லேப்டாப்போ அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு இலவசமாகக் கொடுத்தது. பேட்டரி பெயருக்குத்தான் இருக்கிறது. கரண்ட் போனால் ஸ்கோரும் போகும். எனவே ஸ்கோரைப் பிரவுசருக்குள்ளேயே சேமித்து வைக்கக் கற்றுக்கொண்டான். அதைச் செய்து முடித்த நாளில் வீட்டில் எல்லோருக்கும் முட்டை போண்டா.

ஒன்பதாவது படிக்கும் தங்கச்சி போண்டா சாப்பிட்டுக்கொண்டே பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். மறுநாள் அவன் குளிக்கப் போன நேரத்தில் எஃப்12 பட்டனைத் தட்டி, சேமித்த இடத்தைத் திறந்து, பிளேயர் டூவுக்கு நேராக 9,999 என்று எழுதி மூடிவிட்டாள். ஈரத்தலையோடு வந்து பார்த்தவன் முதலில் ஆயாவைச் சந்தேகித்தான். பிறகு டீக்கடைக்காரரை. சீனாவைக்கூட விட்டுவைக்கவில்லை.

லீவு முடிந்து கிளம்பும்போது அவன் ரெஸ்யூமேயை என்னிடம் காட்டினான். 'சொந்தமாக கேம் உருவாக்கியவர்' என்பதற்குக் கீழே புதிதாக ஒரு வரி ஏறியிருந்தது: 'சைபர் தாக்குதலை நேரடியாகச் சந்தித்த அனுபவம் உண்டு.'