காலிச் சங்கு வாடகைக்கு

கேள்வி: ராமேஸ்வரம் போகிறேன். 22 தீர்த்தம் ஆடி முடித்த பிறகு, காட்டுயிர் என்று பார்க்க அந்தத் தீவில் ஏதாவது உண்டா?
- வாசகர், பரமக்குடி

பதில்: உண்டு. டிக்கெட்டும் இல்லை, வரிசையும் இல்லை. தனுஷ்கோடி மணலில் ஆடாமல் அசையாமல் உட்காருங்கள். உங்கள் காலடி அதிர்வில் வளைக்குள் ஓடிய நண்டு, முதலில் காம்புக் கண் இரண்டை மட்டும் நீட்டி வேவு பார்க்கும். ஆபத்தில்லை என்றானதும் ஒரு பிடி மணலை அள்ளிவந்து வெளியே வீசிவிட்டு, மராமத்து வேலையைத் தொடரும். துறைமுகத்தில் செம்பருந்து வட்டமிடும். விலை கேட்காமல் மீன் எடுக்கும் ஒரே வாடிக்கையாளர்! குளிர்காலமானால் பூநாரைகளும் வரும். தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடிகட்டி இரை தின்னும். அந்த இளஞ்சிவப்பு நிறம் இரையிலிருந்தே கிடைப்பதால் பியூட்டி பார்லர் செலவு மிச்சம்.

கரையில் சங்கு நடந்தால் பயப்படாதீர்கள். உள்ளே முனிவன் நண்டு. அதன் வயிற்றுப்பகுதிக்கு ஓடு கிடையாது. அதனால் காலிச் சங்கில் குடியேறும். உடம்பு பெருக்கப் பெருக்கப் பெரிய சங்குக்கு மாறும். அட்வான்ஸ் கேட்பாரில்லை, ஆனால் காலி வீடு கிடைக்க வேண்டுமே! எனவே ஷோகேஸுக்கென்று சங்கு பொறுக்காதீர்கள். உங்களுக்குத்தான் பரமக்குடியில் வீடு இருக்கிறதே!