வெண்ணெய் உருண்டைக்கு உறை ஊற்றியவர்கள்

மாமல்லபுரத்தில் சரிவுப் பாறைமேல் உருளாமல் நிற்கும் அந்தப் பெருங்கல்லின் அடியில் போய், இரண்டு கையையும் தூக்கித் தாங்கிப் பிடிப்பதுபோல் படம் எடுத்துக்கொள்ளாத சுற்றுலாப் பயணி அபூர்வம். அதன் பழைய பெயர் வானிறைக்கல் என்பார்கள்; இன்று வழங்குவது கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டை. சுமார் 6 மீட்டர் உயரம், 250 டன் எடை என்பது மதிப்பீடு. 1908-இல் மதராஸ் கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் கல் அசையவில்லை என்று ஒரு கதையும் உண்டு. இது ஏன் உருளவில்லை என்று கேட்டே எல்லோரும் காலத்தைக் கழித்துவிட்டார்கள். அதைவிட அடிப்படையான கேள்வி சீந்துவாரில்லாமல் கிடக்கிறது. வெண்ணெய் என்றால் தயிர் எங்கே? தயிருக்கு உறை ஊற்றியது யார்? செங்கல்பட்டு மாவட்டத்தின் இந்தப் பெரிய நினைவுச்சின்னம் பாக்டீரியாக்களுக்கே உரியது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் சான்று சிற்பத்திலேயே இருக்கிறது. கல்லிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கிருஷ்ண மண்டபம். அங்கே ஒருவர் குந்தியபடி பால் கறக்கிறார். பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது. ஆக, மண்டபத்தில் பால் இருக்கிறது, குன்றின்மேல் வெண்ணெய் இருக்கிறது, நடுவில் தயிரை மட்டும் காணோம். இதைச் சிற்பியின் மறதி என்று தள்ளிவிட முடியாது. தயிர் ஆக்கும் உயிர் ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைச் செதுக்கும் உளி பல்லவர் பட்டறையில் இல்லை. ஆனால் ராத்திரி ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் அந்தக் காட்சி நடக்கிறது. காய்ச்சிய பால் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு ஸ்பூன் மோர் விட்டுக் கலக்கி மூடிவைக்கிறார்கள். மோரோடு போன லாக்டிக் பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகின்றன. புளிப்பு ஏற ஏற, பாலில் மிதந்த கேசின் புரதம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகுகிறது. அக்னி நட்சத்திரத்தில் விடிவதற்குள் புளித்துப்போவதும், மார்கழியில் பாத்திரத்துக்குத் துணி சுற்ற வேண்டியிருப்பதும் அந்த வேலையாட்களின் சூட்டுப் பிரியத்தால்தான்.

இரண்டாம் சான்று கணக்கு. கருங்கல் தண்ணீரைவிட ஏறக்குறைய 2.7 மடங்கு கனம். வெண்ணெயோ தண்ணீரைவிட லேசு. ஆகவே அதே பருமனுள்ள அசல் வெண்ணெய் சுமார் 84 டன் நிறுக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கு கொழுப்பு. 4 சதவீதக் கொழுப்புள்ள பசும்பால் என்றால், துளியும் வீணாகாமல் கடைந்தாலும் 1,700 டன் தயிர் வேண்டும். சர்வதேச உணவுத் தரநெறியான கோடெக்ஸ், யோகர்ட் கிராமுக்குக் குறைந்தது 1 கோடி உயிருள்ள நுண்ணுயிர் கேட்கிறது. அந்த அளவை நம் தயிருக்கும் வைத்தால், உருண்டைக்கு உழைத்தவர்கள் 170 கோடி கோடி பேர். யானைகள் ஏழுதான் என்பதை ஒப்புநோக்குக. 2011 கணக்கெடுப்பின்படி இன்றைய செங்கல்பட்டு மாவட்ட எல்லைக்குள் வாழ்ந்த மக்கள் சுமார் 25.5 லட்சம், ஐந்து கிராம் பிடிக்கும் ஒரு ஸ்பூன் தயிரில் அதைப்போல் இருபது மடங்கு குடியிருப்பு. பெரும்பான்மை யார் என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறோம்.

எதிர்வாதிகள் சும்மா இருப்பார்களா? உறை ஊற்றாமலேயே பச்சைப் பாலிலிருந்து இயந்திரத்தால் பாலேடு பிரித்து வெண்ணெய் எடுக்கலாமே என்பார்கள். எடுக்கலாம், ஆனால் சுவீடன்காரர் குஸ்தாவ் டி லாவால் அந்த இயந்திரத்தைக் கொண்டுவந்தது 1878-இல். ஆயர்பாடியில் இருந்தது மத்தும் தாழியும். மேலும், தயிர் வெண்ணெயின் மணத்துக்கு முக்கியக் காரணமான டையசெட்டில் பாக்டீரியாக்கள் ஆக்குவது. திருடித் தின்னும் அளவுக்கு ருசி வேண்டுமென்றால் அவை வேண்டும். “எப்படியும் அது கல்தானே” என்பது அடுத்த ஆட்சேபம். அது நம் கட்சிக்கே வலுச் சேர்க்கிறது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை ஊரெல்லாம் உண்டு. தாழியே இல்லாமல், சித்திரை வெயிலில் உருகாமல், குளிர்பெட்டி கேட்காமல் நிற்கும் வெண்ணெய் இது ஒன்றுதான்.

கடைசி ஆட்சேபம் கனமானது. கிருமி என்றால் நோய், அதற்கு நினைவுச்சின்னமா? கேட்கும் உரிமை செங்கல்பட்டுக்கு உண்டு. திருமணியில் 1955 முதல் மத்திய தொழுநோய் நிறுவனம் இயங்குகிறது. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திருவள்ளூர் வட்டாரத்தில் தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று உலகத்துக்கே சொன்னது. ஆனால் குற்றவாளிகளின் குணத்தைப் பாருங்கள். தொழுநோய்க் கிருமி ஒன்று இரண்டாக ஏறக்குறைய இரண்டு வாரம் எடுக்கும். ஆய்வுக்கூடத் தட்டில் எதைப் போட்டாலும் வளராது. தயிர்க்காரர்களோ ஒரு ஸ்பூனில் புறப்பட்டு விடிவதற்குள் பானையை நிறைக்கிறார்கள். ஊர் முழுக்க உழைக்கும் கூட்டத்தை நாலு கேடிகளின் பெயரால் பழிப்பது எந்த நீதி?

ஆகவே கல் பாக்டீரியாக்களுடையது என்பது சித்தாந்தம். படம் எடுப்பவர்களையும் குறை சொல்வதற்கில்லை. 2016-இல் வெளியான ஒரு கணக்கின்படி மனித உடலில் மனித உயிரணுக்கள் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. கல்லின்கீழ் கை தூக்கி நிற்கும் ஒவ்வொரு படத்திலும், தலைகளை எண்ணினால், பாதிக்குமேல் உரியவர்களே நிற்கிறார்கள்.