கரையோரம் அலை மின்நிலையம் வைக்க விரும்புவோர் கவனத்துக்கு

கையில் நிறையப் பணமும் அதைவிட நிறையப் பொறுமையும் உள்ளவர்கள் மட்டும் மேற்கொண்டு படிக்கவும். பணம் அரசாங்கத்தினுடையது என்றால் இன்னும் விசேஷம்.

முதல் வேலை, பெயர் வைப்பது. இயந்திரத்தைக் காகிதத்தில் வரைவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். கடலையோ நீரையோ அண்டி வாழும் ஜீவராசியாக இருப்பது சம்பிரதாயம். எடின்பரோவின் ஸ்டீபன் சால்ட்டர் 1970களில் தன் கருவியை வாத்து என்றார். பின்னால் வந்தவர்கள் கடற்பாம்பு, சிப்பி, விரால் அடிப்பான் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து மத்தி மீன் இன்னும் காலியாக இருக்கிறது. முந்திக்கொள்ளுங்கள்.

அடுத்து இடம். ஆழ்கடல் வேண்டாம், பத்துப் பதினைந்து மீட்டர் ஆழம் போதும். கரையை நெருங்க நெருங்கக் கடல்தரை அலையின் வேகத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிகப் பெரிய புயல் அலைகள் வருகிற வழியிலேயே உடைந்துவிடும். மிஞ்சியவை ஏறக்குறைய ஒரே திசையில் உங்களை நோக்கி வரும். கேபிளும் குறைவு. முதலீட்டாளர்கள் முன்னால் இதையெல்லாம் தைரியமாகச் சொல்லலாம், அத்தனையும் உண்மை. கருவி மூன்று மாதத்துக்கு மேல் தாங்குமா என்று கேட்பவரை மட்டும் அடுத்த கூட்டத்துக்கு அழைக்காதீர்கள்.

முன்மாதிரி வேண்டுமென்றால் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளுக்குப் போங்கள். அங்கே பில்லியா குரூ என்ற சோதனைக் களத்தில் அக்வாமரீன் பவர் நிறுவனம் 2009-இல் 'ஆய்ஸ்டர்' என்ற கருவியை இறக்கியது. கடல்தரையில் கீல் போட்டு நிறுத்திய பிரம்மாண்டமான கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அலை வந்து தள்ளும், கதவு சாயும், தன் மிதப்பால் மறுபடி நிமிரும். சாயும்போதும் நிமிரும்போதும் அதோடு பொருத்திய பிஸ்டன்கள் நீரை அழுத்திக் குழாய் வழியே கரைக்கு அனுப்பும். கரையில் ஒரு நீர்மின் டர்பைன் சுழலும். நுட்பமான மின்சாதனம் எதுவும் கடலுக்கடியில் கிடையாது. பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ட்ரெவர் விட்டேக்கர் குழுவின் யோசனை இது. நான் படித்தவற்றில் இதைவிடப் புத்திசாலித்தனமான வடிவமைப்பு இல்லை. முதல் கருவியின் திறன் 315 கிலோவாட். 2011-இல் இறக்கிய அடுத்ததற்கு 800 கிலோவாட், அகலம் 26 மீட்டர்.

இனித்தான் நிறுவும் பாடம். அலை ஓய்ந்தபின் கடலாடலாம் என்று உட்கார்ந்திருப்பவனை ஊர் கேலி செய்யும். இந்தத் தொழிலில் அவனுக்குச் சம்பளம் உண்டு. ஆண்டு முழுக்க அலை ஓயாத இடமாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள் அல்லவா? இப்போது அதே இடத்தில் முக்குளிப்பவர் இறங்கி, குழாய் இணைத்து, போல்ட் முடுக்கக் கடல் தொடர்ந்து சில நாள் சும்மா கிடக்க வேண்டும். வாடகைக் கப்பல் துறைமுகத்தில் நிற்கும், மீட்டர் ஓடும். 800 கிலோவாட் கருவி 2011 கோடையில் கடலுக்குள் போனது; மின்சாரம் கரைக்கு வந்தது 2012 ஜூனில். ஒரு வால்வு கெட்டாலும் இதே கதைதான், ஆரம்பத்திலிருந்து. இடைவேளையில் பாசியும் கொட்டலசும் கேட்காமலே குடியேறிவிடும்.

அவசரப்பட்டு இறக்கினால் என்னாகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஆஸ்ப்ரே என்ற 2 மெகாவாட் கருவியை 1995 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் டூன்ரே கரையோரம் வைத்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் கடல் அதை உடைத்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் ஓஷன்லிங்ஸ் நிறுவனத்தின் கருவி 2010-இல் கேம்ப்லா துறைமுகத்தருகே கட்டறுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. கட்டு வேண்டாம், தன் எடையிலேயே உட்காரட்டும் என்று அடுத்து 3,000 டன்னில் ஒன்று கட்டினார்கள். 2014 மார்ச்சில் இழுத்துக்கொண்டு போகும் வழியிலேயே மிதவைப் பைகள் பழுதாகி, போய்ச் சேரவேண்டிய ஊருக்கு வெகு தொலைவில் அது தரைதட்டி உட்கார்ந்தது. எடை விஷயத்தில் கணக்குப் பிசகவில்லை.

நம் பக்கத்து அனுபவமும் இருக்கிறது. சென்னை ஐஐடி குழு, கேரளத்து விழிஞ்ஞத்தில் 1991-இல் 150 கிலோவாட் நிலையம் ஒன்றை இயங்க வைத்தது. கான்கிரீட் அறைக்குள் அலை ஏறும்போது காற்று வெளியே சீறும், இறங்கும்போது உள்ளே இழுபடும். காற்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில் சுழல்வது ஆலன் வெல்ஸ் கண்டுபிடித்த டர்பைன். அதற்கு ஒரு குணம்: தானாகக் கிளம்பச் சுணங்கும். மின்சாரம் கொடுத்து ஓட்டிவிட்டால்தான் மின்சாரம் தரும். சாதாரண இண்டக்‌ஷன் ஜெனரேட்டரோடு அதைச் சேர்த்தால், அலை சோர்ந்த வேளைகளில் அந்த ஜெனரேட்டரே மோட்டாராகி மின்வாரியத்திடமிருந்தே வாங்கிச் சுழலும். பில் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

விரிவாக்கம் பற்றிச் சுருக்கமாக. 2013-இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவருகே 40 மெகாவாட் அலைப்பண்ணைக்கு அக்வாமரீனுக்கு அனுமதி கிடைத்தது. அந்த மின்சாரத்தைப் பெருநிலத்துக்குக் கொண்டுபோகக் கேபிள்தான் இல்லை. 2015-இல் நிறுவனத்தை வாங்க ஆள் கிடைக்காமல் கடையையே மூடினார்கள். கடலிலிருந்து மின்சாரம் எடுப்பவருக்கென்று ஸ்காட்லாந்து அரசு 2008-இல் அறிவித்த ஒரு கோடி பவுண்டு சால்டயர் பரிசையும் யாரும் வாங்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை விடவில்லையா? ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் முத்ரிக்கு என்ற சிறு துறைமுகம் இருக்கிறது. எப்படியும் கட்டவேண்டியிருந்த அலை தடுப்புச் சுவருக்குள்ளேயே காற்றறைகள் வைத்து, 16 வெல்ஸ் டர்பைன்களைப் பொருத்தி, 2011-இல் ஓட்டத் தொடங்கினார்கள். மொத்தமே 296 கிலோவாட். கட்டும்போதே புயல் சுவரைச் சேதப்படுத்தியது, சரிசெய்துகொண்டு ஓட்டினார்கள். பழுது என்றால் பழுது பார்ப்பவர் சுவரின் மேல் நடந்துபோய்க் கதவைத் திறக்கிறார். கப்பல் வேண்டாம், முக்குளிப்பவர் வேண்டாம், வானிலை அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். ஆகவே உங்கள் ஊரில் யாராவது துறைமுகச் சுவர் கட்டப்போகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் பணத்தை வங்கியில் போட்டுவையுங்கள்.