மீனுக்கு ஆர்.ஓ., மனிதனுக்கு போர் தண்ணி

எங்கள் வீட்டில் நல்ல தண்ணீர் முதலில் மீன்களுக்கு, மிச்சம்தான் மனிதர்களுக்கு.

எங்கள் சென்னை அடுக்ககத்து போர் தண்ணியின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, ஆயிரத்தைத் தாண்டும். அதில்தான் குளிக்கிறோம், துவைக்கிறோம், தலைமுடி கொட்டுகிறது. அதற்காக யாரும் மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதில்லை. கூடத்துத் தொட்டியிலுள்ள நியான் டெட்ராக்களுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர். பூர்வீகம் அமேசான். பிறந்து வளர்ந்தது ஏதோ ஒரு பண்ணையில் என்றாலும் பூர்வீகப் பெருமையை விட்டுக்கொடுக்காத குடும்பம்.

ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றினாலும் ஆகாது. தொட்டிக்குள் வளரும் செடிகளுக்குக் கால்சியமும் மெக்னீசியமும் வேண்டும். ஆகவே காசு கொடுத்து உப்பை நீக்கி, மறுபடி காசு கொடுத்து உப்பு வாங்கிப் போடுகிறேன். இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

தொட்டி வைத்த புதிதில் சில வாரங்கள் மீனே விடக்கூடாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் முதலில் குடியேற வேண்டும். வந்த விருந்தாளிகள் "மீன் எங்கே?" என்றார்கள். "இப்போதைக்கு பாக்டீரியா வளர்க்கிறேன்" என்றேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அடுத்தது பிஎச். அமிலம் ஊற்றினால் இறங்கும்; ஆனால் தண்ணீரில் கேஎச், அதாவது கார்பனேட் கடினத்தன்மை, அதிகமிருந்தால் ஊற்றிய அமிலத்தை அது விழுங்கிவிட்டு மறுநாளே பிஎச்சைப் பழைய இடத்தில் உட்கார வைக்கும். கேஎச்சைக் குறைக்காமல் பிஎச்சோடு மல்லுக்கு நிற்பது வீண்வேலை.

செடிகளுக்கு சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு போகிறது. அளவு காட்ட, தொட்டிக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ். அதிலுள்ள திரவம் நீலமாக இருந்தால் வாயு போதாது. பச்சை என்றால் சுமார் 30 பிபிஎம், சரியான அளவு. மஞ்சள் என்றால் மீனுக்கு மூச்சுத் திணறும். எனக்கு எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். இந்த விஷயத்தில் வீட்டின் ஆய்வகம் என் மனைவிதான். புடவைக் கடைகளில் தேறிய கண்.

"இது பச்சையா? மயில்கழுத்துக் கலர். வாயுவைக் கூட்டுங்க."

கூட்டினேன்.

"இப்போ எலுமிச்சை மஞ்சள். குறைங்க."

திருகியைத் தொட்டுத் தொட்டுக் கடைசியில் கிளிப்பச்சைக்கு வந்தோம். "இதே கலர்ல ஒண்ணு எடுக்கணும்" என்றாள். அந்த மாதம் மீன்வளர்ப்புச் செலவில் ஒரு பட்டுப்புடவையும் சேர்ந்தது.

புதிதாகத் தொட்டி வைக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொளத்தூருக்கு மீன் வாங்கப் புறப்படும் முன் உங்கள் குழாய்த் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். கடின நீரா? கப்பியும் மோலியும் அதில் ஆனந்தமாக இருக்கும்; வாலிஸ்னேரியா புல்லாய்ப் படரும். வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். மீனுக்காகத் தண்ணீரின் குணத்தை மாற்றுவதைவிடத் தண்ணீருக்கேற்ற மீனை வாங்குவது மலிவு. புடவைச் செலவும் மிச்சம்.